நோயுடையோரும் ஆயுட் காப்புறுதியும்

காப்பு, உறுதி என்னும் இரு சொற்கள் கூடிக் காப்புறுதி என்றாயின. நூல் செய்வோர் இடையூறு நீங்கும் பொருட்டு முதற்கண் பாடுவது காப்பு. குழந்தையின் கையில் அன்னை அணிவிப்பதும் காப்பு. உறுதி என்னும் சொல்லோ நம் நாட்டு வழக்கில் திடத்தை மட்டுமன்றிக் காணிப் பத்திரத்தையும் குறிக்கும். ஆகவே காப்புறுதி என்பது வெறும் ஆறுதல் மொழியன்று. இரு திறத்தாரையும் கட்டுப்படுத்தும் எழுத்து என்பதனைச் சொல்லே உணர்த்தி நிற்கின்றது. முன்னரே நோய் கண்ட ஒருவர் அவ்வெழுத்தைப் பெறுதல் இயலுமா, இயலுமெனின் எவ்வாறு, பெற்ற பின்னர் அது உரிய வேளையிற் கைகொடுக்குமா என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வன்னி நிலத்து மக்களாகிய நமக்குப் பெரிதும் வேண்டற்பாலது. ஒரு காலத்தில் வன்னி என்றவுடன் பிறர் நினைவுக்கு வந்தது மலேரியாக் காய்ச்சலே. அந்நோய் இன்று இல்லை. இலங்கை மலேரியா நீங்கிய நாடென 2016ஆம் ஆண்டு செப்தெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் அதன் இடத்தில் வேறு நோய்கள் வந்து குடிகொண்டன. நீரிழிவும், குருதி அமுக்கமும், இருதய நோயும் இல்லாத வீடு அரிது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உழவர்களைப் பற்றியுள்ளது. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரின் எச்சமாக எறிகணைத் துண்டுகளை உடலிற் சுமந்து வாழ்வோரும், கையோ காலோ இழந்து உழைப்போரும் நம்மிடையே பலர். இவர்கள் பெரும்பாலும் தத்தம் குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகள். காப்புறுதி எவருக்கு மிகத் தேவையோ அவருக்கே அது கிடைப்பது அரிதாயிருக்கின்றது என்பதுதான் இப்பொருளின் உள்ளே கிடக்கும் சிக்கல்.

ஆயுளை அளந்த வரலாறு

மனிதர் ஒருவர் எப்பொழுது இறப்பார் என்பதை எவரும் அறியார். ஆயினும் ஆயிரம் பேரில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய எத்தனை பேர் இறப்பர் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். வால்வெள்ளிக்குத் தம் பெயரை ஈந்த எட்மண்ட் ஹலி என்னும் வானநூலறிஞர் 1693ஆம் ஆண்டில் பிரெசுலாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் குறிப்புக்களைக் கொண்டு இத்தகைய அட்டவணை ஒன்றை வெளியிட்டார். ஆனால் 1706ஆம் ஆண்டு இலண்டனில் எழுந்த அமிக்கபிள் சங்கம் இக்கணக்கைப் பயன்படுத்தவில்லை. இளையோர்க்கும் முதியோர்க்கும் ஒரே கட்டணம் விதித்து, வயது மிகுந்தோரை அது சேர்க்காது விட்டது. அவ்வாறு வயது காரணமாக மறுக்கப்பட்டவருள் ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியரும் ஒருவர். மறுப்பைக் கேட்டு வாளாவிராது, அவரவர் வயதுக்கேற்ற கட்டணத்தை அவரவர் செலுத்துவராயின் எவரையும் விலக்க வேண்டுவதில்லை எனக் கணக்கிட்டுக் காட்டினார் அவர். அவர் 1757இல் மறைந்தார். அவருடைய கணக்கின்மீது 1762இல் ஈக்விற்றபிள் சங்கம் எழுந்தது. இக்காலக் காப்புறுதியின் அடிப்படை, மறுக்கப்பட்ட ஒருவர் இட்ட அடிப்படை என்பது கருதற்பாலது.

வயதுக்குச் செய்த கணக்கை நோய்க்கும் செய்யலாம் அன்றோ? 1824இல் இலண்டனில் குருமாரும் மருத்துவரும் கூடித் தொடங்கிய கிளெரிக்கல் மெடிக்கல் சங்கம், உடல்நலம் குன்றியோரையும் கூடிய கட்டணத்திற்கு ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் நியூயோர்க் லைஃப் கம்பனி 1896 தொடக்கம் இத்தகையோரை முறையாக ஏற்கத் தொடங்கியது. அக்கம்பனியின் மருத்துவர் ஒஸ்கார் ரொஜர்சும் கணக்கறிஞர் ஆர்தர் ஹன்ரரும் நோய்களுக்கு எண் மதிப்பிடும் முறையொன்றை வகுத்தனர். நலமுடையவர் எண் 100 எனக் கொண்டு, உடற்பருமன், குருதி அமுக்கம், பெற்றோர் நோய் முதலியவற்றுக்கு எண்களைக் கூட்டியும், நற்கூறுகளுக்குக் கழித்தும், இறுதியில் வரும் தொகையைக் கொண்டு கட்டணம் விதிப்பது அம்முறை. இன்றும் உலகெங்கும் கம்பனிகள் செய்வது பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

பாரத நாட்டு வரலாற்றில் வேறொரு விந்தையும் உண்டு. 1818இல் கல்கத்தாவில் காப்புறுதி தொடங்கிய காலத்தில் அது ஐரோப்பியரையே கருதியது. பின்னர் இந்தியரை ஏற்ற கம்பனிகளும் அவரிடம் மிகைக் கட்டணம் வாங்கின. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியருக்குச் சாதாரணக் கட்டணத்திற் காப்பளித்தது. இந்தியராய்ப் பிறத்தலே ஒரு நோயென எண்ணப்பட்ட காலமும் இருந்தது என்பது இதனாற் போதரும். கணக்கு, உண்மையான தரவின்மேல் நிற்கும்போது நீதியாகும்; அச்சத்தின்மேல் நிற்கும்போது அநீதியாகும்.

கட்டணம் கூடுவது ஏன்?

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்குவாம். எண்கள் விளக்கத்திற்காக நாம் கற்பித்துக்கொண்டவை. ஒரே வயதினரான 1,000 பேர் ஒவ்வொருவரும் 10 இலட்சம் ரூபாவுக்குக் காப்புப் பெறுகின்றனர் என்க. அவர்களுள் ஓர் ஆண்டில் நால்வர் இறப்பர் எனின் வழங்க வேண்டிய தொகை 40 இலட்சம். அதனை 1,000 பேருக்கும் பகிர்ந்தால் ஒருவர் செலுத்த வேண்டியது 4,000 ரூபா. குறித்த நோயுடைய வேறு 1,000 பேருள் எண்மர் இறப்பர் எனின், அவர் ஒவ்வொருவரும் 8,000 ரூபா செலுத்த வேண்டும். நோயுடையவர் 4,000 ரூபாவே செலுத்தினால் மற்றையோர் பங்கிலிருந்து அவருக்கு ஈடு செய்யப்படும். ஆகவே கூடுதற் கட்டணம் தண்டமன்று. சந்தைக்குச் செல்லும் வண்டியில் மூடையின் எடைக்கேற்பக் கூலி கொடுப்பது போன்றது அது.

நோய் உண்டு என எழுதியவுடன் கம்பனி மறுத்துவிடும் என அஞ்சுவோர் பலர். உண்மையில் கம்பனி எடுக்கத்தக்க முடிவுகள் பல. ஒன்று, நோய் சிறிதாயும் கட்டுப்பாட்டிலும் இருப்பின் சாதாரணக் கட்டணத்திலேயே ஏற்றல். இரண்டு, கட்டணத்தைக் கூட்டி ஏற்றல். மூன்று, குறித்த நோயையோ மேலதிகக் காப்பொன்றையோ விலக்கி ஏனையவற்றுக்குக் காப்பளித்தல். மரணக் காப்பை ஏற்றுப் பாரதூரமான நோய்க்கான காப்பை மறுப்பது இவ்வகை. நான்கு, முதற் சில ஆண்டுகளுக்குத் தொகையைக் குறைத்தோ காப்புக் காலத்தைச் சுருக்கியோ ஏற்றல். ஐந்து, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் வருக என ஒத்திவைத்தல். அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கு இது நிகழும். ஆறாவதே முற்றாக மறுத்தல்.

நம் நாட்டில் 1962 தொடக்கம் புதிய ஆயுட் காப்புறுதிகளை அரசின் காப்புறுதிக் கூட்டுத்தாபனமே வழங்கியது. 1980களின் இறுதியில் தனியார் கம்பனிகளுக்கும் வழி திறக்கப்பட்டது. கம்பனிகள் பலவாயின், நோயை மதிப்பிடும் அளவுகோலும் வேறுபடும்; ஒன்று ஒத்திவைத்ததை மற்றொன்று கூடிய கட்டணத்தில் ஏற்றல் கூடும். ஆதலின் ஒரு வாயில் மூடியதுகண்டு மனம் தளர வேண்டா.

வினாவும் விடையும்

இனிப் பொருளின் நடுவிடத்துக்கு வருவாம். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தலைவர் பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மருந்துண்டு வந்தவர். மகளின் படிப்பை எண்ணிக் காப்புறுதி செய்ய விரும்பினார். வீட்டுக்கு வந்த முகவர், "சலரோகம் ஆருக்குத்தான் இல்லை அண்ணை? எழுதினால் வீண் அலைச்சல்" என்று கூறி, நோய் பற்றிய வினாக்கள் யாவற்றுக்கும் "இல்லை" என்று தாமே நிரப்பிக் கையொப்பம் வாங்கிச் சென்றார். மூன்றாம் ஆண்டில் அவர் மாரடைப்பால் இறந்தார். கம்பனி வைத்தியசாலைக் குறிப்புக்களைக் கேட்டுப் பெற்றது. கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு மாதமும் பதிவு இருந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த அம்மையார் எம்மிடம் கேட்ட வினா ஒன்றே: "எழுதியவர் அவர், கையெழுத்து வைத்தவர் இவர், பிழை ஆருடையது, மாஸ்டர்?"

சட்டம் அவ்வினாவுக்கு இரக்கத்துடன் விடை கூறுவதில்லை. கையொப்பமிட்டவரே விடைக்கு உரியவர் என்பதே அதன் பொதுநிலை. இதன் காரணத்தை இலக்கணங்கொண்டு விளக்குதல் தமிழாசிரியராகிய எமக்கு எளிது. நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அவற்றுள் ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறிவினா. விடை ஆசிரியருக்கு முன்னரே தெரியும். வழிப்போக்கர் வழி கேட்பது அறியாவினா. விடை அவருக்குத் தெரியாது. முன்மொழிவுப் படிவத்து வினாக்கள் யாவும் அறியாவினாக்களே. நம் உடலின் செய்தி நமக்கே தெரியும், கம்பனிக்குத் தெரியாது. இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் பிரபு 1766இல் கார்ட்டர் எதிர் போஹம் என்னும் வழக்கில் நிறுவிய நெறியும் இதுவே. சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையின் காப்பைப் பற்றியது அவ்வழக்கு. காப்புறுதியில் முக்கியச் செய்திகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தார் அறிவிலேயே கிடத்தலின், அவர் மறைத்தலாகாது என்றார் அவர். அதே நெறி காப்பளிப்போரையும் கட்டும் என்றும் அவர் கருதினார். ஆயுட் காப்புறுதியில் ஆங்கிலச் சட்டம் இலங்கையிற் செல்லும் என 1866ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தமையால், இந்நெறி நமக்கும் உரியதாயிற்று.

விடையையோ நன்னூலார் எண்வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்வன் இறை. அஃதாவது நேரான விடை. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. "எள் உண்டோ?" என்றார்க்கு "பயறு உண்டு" என்பது இனமொழி. "நோய் உண்டோ?" என்றார்க்கு "இந்த வயதில் நோயில்லாதவர் யார்?" என்பது வினாவெதிர் வினாதல். உரையாடலிலும் செய்யுளிலும் இவை சுவை தரும். காப்புறுதிப் படிவத்தில் இவை நஞ்சாகும்.

இதற்கு ஒரு வழக்கே சான்று. 1879இல் இங்கிலாந்தில் முடிவான இலண்டன் அஷ்யூரன்ஸ் எதிர் மான்சல் என்னும் வழக்கில், வேறெங்கேனும் விண்ணப்பித்ததுண்டா, ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று படிவம் வினவியது. விண்ணப்பித்தவர், இரண்டு இடங்களில் சாதாரணக் கட்டணத்திற் காப்புப் பெற்றுள்ளதாக மட்டும் எழுதினார். அது பொய்யன்று. ஆனால் வேறு சில இடங்களில் மறுக்கப்பட்டதை அவர் எழுதவில்லை. நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் தள்ளிற்று. எள்ளைக் கேட்டார்க்குப் பயற்றைக் காட்டியதன் பயன் இது.

ஆயின் தெரியாததைச் சொல்லவில்லையென ஒருவரைக் குற்றங்கூறலாமா? ஆகாது. 1908இல் ஜோயல் என்பார் வழக்கில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒருவர் தாம் அறியாததை வெளியிடும் கடமையில்லை எனத் தெளிவாக்கிற்று. உடலுள் மறைந்து வளர்ந்த நோயை அறியாது "இல்லை" என்றவர் மறைத்தவராகார். ஆனால் கிளினிக்குக்குச் சென்று மருந்துண்டவர் அறியேன் எனல் ஒவ்வாது. 2012ஆம் ஆண்டின் சட்டமொன்றால் இங்கிலாந்து தன் பழைய விதியைத் தளர்த்தி, கேட்ட வினாவுக்கு நியாயமான கவனத்துடன் விடையளித்தலே பொதுமக்களின் கடமை என வரையறுத்துள்ளது.

அயல்நாட்டுத் தீர்ப்புகள்

இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் நம்மைக் கட்டா. ஆயினும் படிப்பினை தருவன. மித்தூலால் நாயக் வழக்கு 1962 சனவரியில் தீர்ந்தது. காப்புப் பெற்றவர் 1943இல் கடுமையாக நோயுற்றுச் சிகிச்சை பெற்றவர். 1944இல் விண்ணப்பிக்கும்போது அதனை மறைத்தார். 1945இல் 25,000 ரூபாவுக்குப் பத்திரம் கிடைத்தது, 1946இல் இறந்தார். 1938ஆம் ஆண்டின் இந்தியக் காப்புறுதிச் சட்டம் 45ஆம் பிரிவில், இரண்டு ஆண்டு கடந்தபின் சிறு பிழைகளைக் காட்டிப் பத்திரத்தை மறுக்கலாகாது என விதித்திருந்தது. ஆனால் அறிந்தே மறைத்த வஞ்சனைக்கு அப்பாதுகாப்பு இல்லை என்றது நீதிமன்றம். செலுத்திய கட்டணமும் திரும்பவில்லை. 2015இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, மூன்று ஆண்டு கடந்த பத்திரத்தை எக்காரணங்கொண்டும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றாயிற்று. இத்தகைய வரம்பு தத்தம் பத்திரத்தில் உண்டா என்பதை நம் அன்பர்கள் படித்தறிதல் வேண்டும்.

2015இல் வேறொரு வழக்கில், மறைத்த நோய் முள்ளந்தண்டு நோயாகவும் இறப்பு இருதய நோயாலும் நிகழ்ந்தமையால், அந்நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதனை நம்பி மறைக்கலாம் என எண்ணற்க. 2020இல் அதே நீதிமன்றம், கல்லீரல், இரைப்பை நோய்களை மறைத்து ஒரு மாதத்துள் இறந்தவர் வழக்கில், காப்பளித்தோர் மறுத்தது சரியே என்றது. இறந்தவரின் தாயார் எழுபது வயதினர் என்பதாலும், முன்னரே பணம் வழங்கப்பட்டுவிட்டதாலும், அதனைத் திரும்ப வாங்க வேண்டா என்று மட்டும் அருள்கூர்ந்தது. நீதிமன்றத்தின் அருளை நம்பிப் பிள்ளைகளின் எதிர்காலத்தை வைத்தல் அறிவுடைமையாகாது.

இவற்றுக்கு மறுதலையாக நிற்பது 2021 திசெம்பரில் தீர்ந்த மன்மோகன் நந்தா வழக்கு. அது வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்புறுதி பற்றியது. தமக்கு நீரிழிவு உண்டென வெளிப்படையாக எழுதிக் காப்புப் பெற்றவர், அமெரிக்கா சென்று இறங்கியவுடன் மாரடைப்புற்றார். நோய் முன்னரே இருந்தது எனக் காட்டிக் கம்பனி மறுத்தது. அறிவித்த நோயை மதிப்பிட்டுப் பத்திரம் வழங்கிய பின்னர் அதனையே காரணங்காட்டி மறுத்தல் ஆகாது என நீதிமன்றம் கூறிற்று. உண்மை எழுதியவருக்கு அவ்வெழுத்தே அரணாயிற்று.

செய்யத்தக்கன

படிவத்தைத் தாமே தம் கையால் நிரப்புக. முகவர் நிரப்பின், கையொப்பத்தின் முன் ஒவ்வொரு விடையையும் படித்துப் பார்க்க. விளங்கா மொழியிலுள்ள படிவத்தை, விளங்கும் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்க. படிவத்தின் பிரதியொன்றை வீட்டில் வைக்க.

நோயின் பெயரை மட்டும் எழுதாது, கண்ட ஆண்டு, உண்ணும் மருந்து, சிகிச்சை பெறும் வைத்தியசாலை, அண்மைய பரிசோதனை முடிவு என்பவற்றையும் எழுதுக. "நீரிழிவு" என்று மட்டும் எழுதுவதைக் காட்டிலும், கட்டுப்பாட்டிலுள்ள நீரிழிவு எனச் சான்றுடன் எழுதுவது கட்டணத்தைக் குறைக்க உதவும். மாதந்தோறும் கிளினிக் செல்வதை ஒரு குறையாக எண்ணுவோர் உளர். மதிப்பிடும் மருத்துவரோ அதனை ஒழுங்குக்குச் சான்றாகக் கொள்வர். நோயை அறிந்து மருந்துண்பவரைவிட, அறிந்தும் மருந்துண்ணாதவரையே கணக்கு கடிந்துகொள்ளும்.

நம் நிலத்தார்க்கு ஒரு தனி இடர் உண்டு. 2009க்கு முற்பட்ட வைத்தியக் குறிப்புக்கள் இடப்பெயர்வில் அழிந்தன. காயமடைந்த ஆண்டும் சிகிச்சை பெற்ற இடமும் நினைவில் உண்டு, தாளில் இல்லை. இத்தகையோர் "இல்லை" என எழுதித் தப்ப எண்ணற்க. நினைவிலுள்ளதை எழுதி, ஆவணம் தொலைந்தது எனவும் குறித்து, இன்றைய நிலையைக் காட்டும் புதிய வைத்திய அறிக்கையை மாவட்ட வைத்தியசாலையிற் பெற்று இணைக்க. உடலில் அசையாது கிடக்கும் சிறு எறிகணைத் துண்டும், மூளைக்கோ ஈரலுக்கோ அருகிலுள்ள துண்டும் ஒன்றல்ல. கதிர்ப்படம் அதனைக் காட்டும். பழுதடைந்த சிறுநீரகம் எத்தரத்தது என்பதும் குருதிப் பரிசோதனையாற் புலனாகும்.

பத்திரம் கைக்கு வந்ததும் விலக்குகளை முதலிற் படிக்க. கட்டணம் தவறிப் பத்திரம் காலாவதியாயின், அதனைப் புதுப்பிக்கும்போது உடல்நலம் பற்றி மீண்டும் கேட்பர். இடையில் வந்த நோயையும் அப்போது கூற வேண்டும். ஆதலின் தாங்கத்தக்க சிறு தொகைக்குக் காப்புப் பெற்று இடையறாது செலுத்துவது, பெருந்தொகைக்குப் பெற்று இடையில் விடுவதினும் நன்று.

முற்றாக மறுக்கப்பட்டோர் கூட்டுக் காப்புறுதியை நாடலாம். தொழிலகத்தார் அனைவரையும் ஒருங்கு சேர்க்கும்போது, குறித்த தொகைவரை தனித்தனி மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அரச ஊழியர்க்கான அக்ரகார காப்புறுதித் திட்டம் இத்தகைய கூட்டு முயற்சியே. இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமர் ஜீவன் ஜோதித் திட்டம், 18 முதல் 50 வயதுவரையான வங்கிக் கணக்குடையோரை மருத்துவப் பரிசோதனையின்றிச் சேர்த்து, ஆண்டுக்கு 436 ரூபாவுக்கு 2 இலட்சம் ரூபாக் காப்பளிக்கின்றது. சேர்ந்த முதல் 30 நாட்களுள் விபத்தாலன்றி இறப்பின் காப்பில்லை என்பதே அதன் வேலி. நம் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்கார அமைப்புக்களும் உறுப்பினரைத் திரட்டி, கூட்டுக் காப்புறுதி குறித்துக் கம்பனிகளுடன் பேசுதல் தகும்.

கோரிக்கை அநீதியாக மறுக்கப்பட்டதெனக் கருதுவோர் முதலிற் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுக. பின்னர், கட்டணம் வாங்காது முறைப்பாடு விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையும் நாடலாம். மேற்குறித்த அம்மையார் போல்வார்க்கு இவ்வழிகள் தெரியாமையே பாதி இழப்பு. படிவம் நிரப்பவும் முறைப்பாடு எழுதவும் தெரிந்த பழைய மாணவர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்கள் அயலவர்க்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவராயின், அதுவே எம் கல்லூரி கற்பித்த கல்வியின் பயன்.

வள்ளுவர் வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நோயுடையோர்க்கு இரண்டும் வேண்டும். மருந்து அவர் உயிரைக் காக்கும். படிவத்தில் எழுதிய வாய்மை, அவருக்குப் பின் அவர் மனையைக் காக்கும்.